கடல் இல்லாத மலையும் மீன் எண்ணெயும்

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு மீன் கொடுக்கலாமா? எங்கள் நீலகிரியில் இதற்கு வீட்டுக்கு வீடு வேறு பதில் கிடைக்கும். "சளி பிடிக்கும்" என்பார் ஒருவர். "முள் சிக்கும்" என்பார் இன்னொருவர். மீன் ஐஸ் பெட்டியில் மலையேறி வரும் ஊர். பெற்றோர் தயங்குவதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கும் குன்னூருக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

1918-ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் ஆனது. 1935-ல் அதன் இயக்குநராக வந்தவர் அய்க்ராய்ட். அப்போது ஏழைக் குழந்தைகளின் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது வைட்டமின் ஏ குறைவு. முதலில் மாலைக்கண், கவனிக்காமல் விட்டால் கருவிழி கரைந்து பார்வையே போய்விடும். வெறும் சோறு தின்று வளரும் பிள்ளைக்கு அந்தச் சத்து எங்கிருந்து வரும்?

கைவசம் இருந்த நல்ல மருந்து காட் மீனின் ஈரல் எண்ணெய். அது ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். இரண்டாம் உலகப்போரில் வரத்து தடைப்பட்டது. சென்னை மாகாண மீன்துறை, அப்போது மாகாணத்தில் இருந்த கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரிக்க ஆரம்பித்தது. நான் படிக்கும் பி.காம். பாஷையில் இது இறக்குமதிக்கு மாற்று! நம் கடல் மீன்களின் ஈரல் எண்ணெயில் இந்தச் சத்து எவ்வளவு என்று கடலே தெரியாத குன்னூரில் அளந்து பார்த்தார்கள்.

அந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது. இன்று அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1970-ல் அரசு தொடங்கிய, குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும் திட்டத்துக்கு அதன் ஆராய்ச்சிதான் அடிப்படை.

சரி, மீனுக்கு வருவோம். பாட்டிகள் மட்டும் தயங்கவில்லை, நிபுணர்களும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைக்கு மூன்று வயது வரை மீன் வேண்டாம் என்றது 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். தள்ளிப்போடுவதால் பலன் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 2008-ல் அதே சங்கம் சொன்னது. 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு இறைச்சி, மீன், முட்டை இவற்றில் ஏதாவது தினமும் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல்.

ஒரு வேடிக்கை. அன்று ஈரல் எண்ணெய் தந்த அதே சுறாவின் கறியைச் சின்னக் குழந்தைகளுக்குத் தரவேண்டாம் என்று 2004-ல் அமெரிக்க அரசு எச்சரித்தது. பெரிய மீன்களில் பாதரசம் சேர்கிறது. மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் அந்தப் பயம் குறைவு, விலையும் குறைவு.

ஆகவே நண்பர்களே, "கொடுக்கலாமா" என்பதோடு எந்த மீன், எவ்வளவு புதிது, முள் எடுத்தாச்சா என்றும் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்கு, காரணமில்லாத பயத்தால் ஒரு மலிவான சத்துணவு தட்டிப்போகக்கூடாது.