கரையொதுங்கியவனும் காவலனும்

உரோமாபுரியை 117 முதல் 138 வரை ஆண்ட ஹேட்ரியன் சக்கரவர்த்தியை, பிரித்தானியாவில் அவன் எழுப்பிய நெடுமதிலைக் கொண்டே உலகம் பெரிதும் அறியும். கடல்சூழ்ந்த தீவகத்தில் வாழும் எமக்கோ அவனது பிறிதொரு செயலே நெருக்கமானது. கரையோர நிலமுடையோர், தம் எல்லையுள் உடைந்த மரக்கலத்தைக் கொள்ளையிடலாகாது என்று அவன் ஆணையிட்டான். மதிலின் பெரும்பகுதி இடிந்தொழிந்தது. ஆணையோ 6ஆம் நூற்றாண்டில் யுஸ்தினியன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் இடம்பெற்று நிலைத்தது.

இதனோடு ஒப்பிடத்தக்க ஆணையொன்று எமது நயினாதீவிலும் உண்டு. நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள அக்கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவுடையது. ஊராத்துறைக்கு, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் அயல்நாட்டு வணிகர் காக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கலமாயின் செம்பாதி.

உரோமச் சட்டத்தில் உடைந்த கலத்தின் பொருள் உடையவனுக்கே உரியது. எம் மன்னனோ பங்கு கொண்டான், அதனை மறைப்பதற்கில்லை. யானை குதிரைகளுக்குக் காட்டிய சலுகையும் வெறுங் கருணையன்று. பர்மாவுக்கும் பாண்டி நாட்டுக்கும் படை அனுப்பிய அவனுக்கு அவை இன்றியமையாதன. எனினும், அனைத்தையும் கடலுக்கும் கரையிலுள்ளோர்க்கும் இழந்து நிற்கும் வணிகனுக்கு, இவ்வளவு உனக்குத் திண்ணம் என்று முன்கூட்டியே கல்லில் எழுதி வைப்பது சிறிய காரியமா? காப்புறுதி என்னும் ஏற்பாடு இத்துறைகளில் இல்லாத காலத்தில், அவ்வெழுத்தை நம்பியே அவன் மறுமுறையும் பாய் விரித்திருப்பான்.

சிங்கள மன்னன் ஒருவன் இதனைத் தமிழிலே பொறிப்பித்தான் என்பதும் கருதத்தக்கது. சட்டம் யாரைக் காக்க எழுந்ததோ, அவர் அறியும் மொழியில் இருந்தாலன்றோ பயன்படும்!

பராக்கிரமபாகு மறைந்தபின் அவன் ஒன்றுபடுத்திய அரசு தளர்ந்தது. 1215இல் மாகன் படையெடுப்பால் பொலன்னறுவை வீழ்ந்தது. கல் மட்டும் எம்மிடம் எஞ்சியது.

குறிகட்டுவானில் படகேறி அம்பாளைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்களே, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அக்கல்லைக் காட்டுங்கள். வெற்றி பெற்ற போர்களை அவர்கள் பாடநூலில் படிப்பார்கள். கரையொதுங்கிய அந்நியனுக்கு அரசன் என்ன கடமைப்பட்டவன் என்பதை இங்கே படிக்கட்டும்.