முத்துக்குளித்துறையின் கூட்டணி

2022 மே மாதத்தில் பின்லாந்தும் சுவீடனும் நேட்டோ கூட்டணியில் சேர விண்ணப்பித்தன. உள்ளிருந்த துருக்கி சில நிபந்தனைகளை விதித்தது. பின்லாந்து 2023 ஏப்ரலிலும், சுவீடன் 2024 மார்ச்சிலும்தான் உறுப்பினராக முடிந்தது. அந்தச் செய்திகளை வாசித்தபோதெல்லாம் என் நினைவு தூத்துக்குடிக் கரைக்கே திரும்பிற்று. ஒருவர் பாதுகாப்புக் கேட்க, மற்றவர் அதற்கு விலை சொல்லும் பேச்சு ஏறத்தாழ 490 ஆண்டுகளுக்கு முன் இக்கரையின் பொருட்டும் நடந்திருக்கிறது.

1530களில் முத்துச் சலாபத்தின் மீதான உரிமை குறித்துப் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் பகை முற்றியிருந்தது. பரதவர் ஒருவரின் காதணி அறுக்கப்பட்டதில் கலவரம் மூண்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. போர்த்துக்கீசியரின் கடலாதிக்கத்தால் அவ்வணிகரும் நெருக்குண்டிருந்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்நிலையில் ஜான் த குரூஸ் என்னும் குதிரை வணிகர் பரதவருக்கு ஒரு வழி காட்டினார். அவர் மலையாளக் கரையினர். லிஸ்பன் சென்று கிறித்தவரானவர். அவர் சொற்படி பட்டங்கட்டிகள் கொச்சிக்குத் தூது சென்றனர். பரதவர் கேட்டது படைத்துணை. போர்த்துக்கீசியர் கேட்டது திருமுழுக்கு. முத்தின் மீதும் அவர்களுக்குக் கண் இருந்தது. 1536-37இல் ஆயிரக்கணக்கானோர் மதம் மாறினர். 1538இல் வேதாளையில், கள்ளிக்கோட்டைச் சாமூத்திரியின் கடற்தலைவர்கள் நடத்தி வந்த கப்பற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தனர். ஒப்பந்தம் பலித்ததாகவே தோன்றியது.

ஆயினும் அந்தப் பாதுகாப்பு முழுமையானதன்று. 1542இல் வந்த சவேரியார், இங்கிருந்த போர்த்துக்கீசியக் கப்பித்தானின் கொடுமைகளைத் தம் மடல்களில் கடிந்துகொண்டார். 1553இல் புன்னைக்காயல் பகைவர் கையில் வீழ்ந்தது. 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், பரதவர் பலரை அங்கே குடியேற்றினர். காவல் தேடியவர்களில் பலர் சொந்தக் கரையையே விட்டு நீங்க நேர்ந்தது.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியதும் அந்தக் கூட்டணி முடிவுற்றது. புதிய ஆட்சியாளர் சீர்திருத்தச் சபையினர். பரதவரைத் தம் சபைக்கு இழுக்க முயன்றனர். பரதவர் இணங்கவில்லை. பனிமய மாதா ஆலயம் 1713இல் எழுந்தது டச்சு ஆட்சியின்போதுதான்.

இங்குதான் சிந்திக்க ஒன்றுண்டு. அன்று படைத்துணைக்கு விலையாகக் கேட்கப்பட்ட சமயம், அத்துணை அகன்றபின் பரதவரின் சொந்த உடைமையாகிவிட்டது. அதன் வழியே தமிழுக்கும் ஒரு பேறு வாய்த்தது. இக்கரையில் பணியாற்றிய என்ரிக்கே என்ரிக்கஸ் அடிகளின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. கொச்சிக்குச் சென்ற தூதர்களோ, அவர்களோடு பேசிய போர்த்துக்கீசியரோ இவற்றை எண்ணியிருக்க முடியாது.

கூட்டணிகளை அவை தந்த பாதுகாப்பைக் கொண்டு மட்டும் அளந்தால் போதுமா? முத்துக்குளித்துறையின் வரலாறு போதாது என்றே சொல்கிறது.