நோக்கி எட்வர்ட்ஸ்

நோக்கி எட்வர்ட்ஸ் (1935–2018) அமெரிக்காவின் ‘தி வென்ச்சர்ஸ்’ குழுவில் லீட் கிட்டார் வாசித்தவர். பாடகர் இல்லை, பாடல் வரி இல்லை. மூன்று கிட்டார், ஒரு டிரம்ஸ் என்று மேடையேறிய குழு அது. உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் இசைத்தட்டுகள் விற்றதாக அதைப் பற்றிச் சொல்வார்கள். அறுபதுகளில் கிட்டாரைக் கையில் எடுத்த பையன்கள், டோக்கியோவிலிருந்து பம்பாய் வரை, ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கேட்டுக் கேட்டே வாசிக்கப் பழகக்கூடிய ஒரு மேற்கத்திய இசையை இந்தக் குழு கொடுத்தது. அந்த இசையின் தெளிவில் நோக்கியின் பங்கு மிகப் பெரியது.

ஓக்லஹோமா மாநிலத்தில் லஹோமா என்ற சிற்றூரில் 1935 மே 9 அன்று பிறந்தார். இயற்பெயர் நோல் ஃபிளாய்டு எட்வர்ட்ஸ். இசைக் குடும்பம், சின்ன வயதிலேயே கிட்டாரோடு பாஞ்சோ, மாண்டலின் போன்ற கம்பிக் கருவிகளும் கைவந்தன. பின்னர் குடும்பம் வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பிற்பாடு கண்ட்ரி இசையில் பெரும்பெயர் பெற்ற பக் ஓவன்ஸ் ஐம்பதுகளின் இறுதியில் அங்கே டகோமா வட்டாரத்தில் இருந்தார். அவருடைய குழுவில் நோக்கி வாசித்தார். கடைசிவரை அவர் விரல்களில் கண்ட்ரியின் வாசனை போகவில்லை. எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரு சுரம் இன்னொன்றோடு குழம்பாது.

வென்ச்சர்ஸ் 1958இல் டகோமாவில் உருவானது. டான் வில்சன், பாப் போகிள் என்ற இரண்டு கட்டுமானத் தொழிலாளர்கள் பழைய கிட்டார்களை வாங்கி, வேலை நேரம் போக மீதி நேரத்தில் பழகினார்கள். நோக்கி அவர்களோடு சேர்ந்தது பாஸ் கிட்டார் வாசிக்கத்தான். 1960இல் வெளிவந்த ‘வாக், டோன்ட் ரன்’ இசைத்தட்டிலும் அவர் பாஸ்தான். லீட் வாசித்தவர் போகிள். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜானி ஸ்மித் 1954இல் பதிவு செய்த மெட்டு அது. இன்னொரு கிட்டார் கலைஞரான செட் அட்கின்ஸ் அதை வாசித்ததைக் கேட்டு, இவர்கள் தங்களுக்கு எட்டிய அளவுக்கு எளிமையாக்கிக்கொண்டார்கள்.

எந்தப் பெரிய நிறுவனமும் கண்டுகொள்ளாததால் வில்சனின் தாயார் ஜோசி வில்சன் முன்னின்று ‘புளூ ஹொரைசன்’ என்ற சொந்த லேபிளில் வெளியிட்டார். சியாட்டிலின் கே.ஜே.ஆர். வானொலி நிலையம் செய்திகளை ஒட்டி இந்த இசையை ஒலிக்கவிட, நேயர்கள் இது என்ன, யார் வாசித்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். பிறகு டோல்டன் நிறுவனம் எடுத்து வெளியிட்டது. பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது.

ஏ மைனரில் தொடங்கி ஜி, எஃப், ஈ என்று படிப்படியாக இறங்கும் கார்டுகள். மேலே ஒற்றைச் சுரங்களாகப் போகும் மெட்டு. சில சுரங்களின் முடிவில் டிரெமலோ கைப்பிடியை லேசாக அழுத்தினால் ஒலி அசைந்து வளையும். கடினமான வித்தை எதுவும் இதில் இல்லை. கிட்டார் பழகத் தொடங்கி ஆறு மாதமான பையனும் முயன்று பார்க்கலாம் என்ற துணிச்சலைத் தந்த இசை இது. ராக் வரலாற்றில் இந்த ஒரு தட்டால் கிட்டார் எடுத்தவர்கள் ஏராளம்.

நோக்கியின் கை தன் கையைவிடத் தேர்ந்தது என்பதைப் போகிள் சீக்கிரமே கண்டுகொண்டார். லீடை அவரிடம் விட்டுவிட்டுத் தான் பாஸுக்கு மாறினார். இசைக்குழுக்களில் இப்படி நடப்பது அபூர்வம். வென்ச்சர்ஸ் நெடுங்காலம் நிலைத்ததற்கு இந்தப் பெருந்தன்மையும் ஒரு காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. 1962இல் வந்த ‘2000 பவுண்ட் பீ’ இசைத்தட்டில் கிட்டார் ஒலி வண்டு இரைவதுபோலக் கரகரக்கும். ஃபஸ் என்ற அந்த ஒலியை முன்னிறுத்திய தொடக்ககாலப் பதிவுகளில் அது ஒன்று. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் செமி மோஸ்லி செய்துவந்த மாஸ்ரைட் கிட்டார் நோக்கிக்குப் பிடித்துப்போக, 1963இல் வென்ச்சர்ஸ் பெயரிலேயே ஒரு மாடல் வந்தது. அடுத்த ஆண்டு ‘வாக், டோன்ட் ரன்’ மெட்டையே சர்ஃப் பாணியில் புதிதாகப் பதிவு செய்தார்கள்; அதுவும் முதல் பத்துக்குள் வந்தது.

1965இல் ‘பிளே கிட்டார் வித் தி வென்ச்சர்ஸ்’ வெளிவந்தது. வீட்டிலிருந்தபடி கிட்டார் பழகுவதற்கான பாட இசைத்தட்டு. கற்பவர் தட்டைப் போட்டுவிட்டுக் குழுவோடு சேர்ந்தே வாசித்துப் பார்க்கலாம். இப்படி ஒரு பாடத்தட்டு பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் இடம்பிடித்தது. வாத்தியார் இல்லாத ஊர்களில் வென்ச்சர்ஸே வாத்தியார் ஆனார்கள்.

அதே 1965இல் ஜப்பான் பயணம். அங்கே ‘எலெக்கி’ எனப்பட்ட மின்கிட்டார் மோகம் மூண்டது. மின்கிட்டார் குழுக்களுக்கான போட்டிகள் தொலைக்காட்சியில் நடந்தன. மாணவர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று மின்கிட்டாருக்குத் தடை போட்ட ஊர்களும் உண்டு. வென்ச்சர்ஸ் அமைத்த ‘கின்சா லைட்ஸ்’ மெட்டுக்கு ஜப்பானியர் பின்னர் வரி எழுத, அது 1966இல் ‘ஃபுதாரி நோ கின்சா’ என்ற காதல் பாட்டாகி வெற்றி பெற்றது. நம் சினிமாவில் இசையமைப்பாளர் மெட்டைக் கொடுக்க, கவிஞர் வரி எழுதுவதைப் போலத்தான். 2010இல் ஜப்பான் அரசு இந்தக் குழுவுக்கு ‘உதய சூரியன்’ விருது அளித்தது.

இந்தியாவுக்கு இதே ஒலி வேறு வழிகளில் வந்தது. 1965இல் வெளியான ‘கும்நாம்’ இந்திப் படத்தின் தொடக்க நடனத்தில் டெட் லயன்ஸ் அண்ட் ஹிஸ் கப்ஸ் குழு திரையில் தோன்ற, சங்கர்–ஜெய்கிஷன் இசையில் கிட்டார் சீறிப் பாயும். தமிழில் வேதா இசையமைத்த ‘அதே கண்கள்’ (1967) பாடல்களில் அந்த மின்கிட்டார் துள்ளலைக் கேட்கலாம். இவை வென்ச்சர்ஸைப் பார்த்து எழுதியவை என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் ஷாடோஸ், வென்ச்சர்ஸ் முதலிய குழுக்கள் பரப்பிய ஒலியை நம் ஸ்டுடியோக் கலைஞர்கள் தம் கைக்கேற்ப வளைத்துக்கொண்டார்கள். அந்தக் கலைஞர்களில் கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் கணிசம்.

கன்டோன்மென்ட் ஊர்களுக்கும் ரயில்வே குடியிருப்புகளுக்கும் இதில் தனி இடம் உண்டு. செகந்திராபாத், அதற்கு வடக்கே பொலாரம், அல்வால் என்று நீளும் பகுதியில், மதராஸ் ராணுவத்தோடு வந்த தமிழ்க் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன. கிட்டார் இங்கே வெளியூர்ப் பொருளாக இருந்ததில்லை. இன்று அல்வாலில் சர்ச் பாடகர் குழுவுக்காகக் கிட்டார் பழகும் ஒருவருக்கும் ஏ மைனரிலிருந்து ஈ வரை இறங்கும் அந்த நாலு கார்டு நல்ல பாடம்.

நோக்கி 1968இல் குழுவைவிட்டு விலகினார். அவர் இடத்துக்கு ஜெரி மெக்கீ வந்தார். வென்ச்சர்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ (1969) நோக்கி இல்லாத காலத்தது. அவரைப் பாராட்டும்போது இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் திரும்பி வந்து 1984 வரை முழுநேரமாக வாசித்தார். அதன் பிறகும் ஜப்பான் பயணங்களில் அவ்வப்போது சேர்ந்துகொண்டார். 2008இல் குழு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது. போகிள் 2009இல் மறைந்தார். அரிசோனாவின் யூமாவில் 2018 மார்ச் 12 அன்று, 82 வயதில், இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் நோக்கி காலமானார்.

நோக்கியைப் புதிதாகக் கேட்க விரும்புவோர் அறுபதுகளின் ஜப்பான் மேடைப் பதிவுகளில் ‘கேரவான்’ மெட்டைத் தேடிக் கேட்கலாம். டிரம்ஸ் வாசிக்கும் மெல் டெய்லர் எழுந்து வந்து போகிளின் பாஸ் கம்பிகள்மேல் குச்சியால் தட்டி வாசிப்பதை மேடைக் காட்சிகளில் காணலாம். அந்த ஆரவாரத்துக்கு நடுவிலும் நோக்கியின் கிட்டாரில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழும்.