விளக்கின் கணக்கு

வைகை அணையைக் காணச் செல்வோர் அதன் பூங்காவையும் பரந்து கிடக்கும் நீரையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அந்நீரில் ஒரு பகுதி, அணைக்கு வந்து சேருமுன் ஒரு பெரும் பணியை முடித்துவிட்டு வருகிறது. பொறியாளர் பென்னிகுயிக் 1895-இல் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. 1958-இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தின் சக்கரங்களை அங்கே சுழற்றுகிறது. பின்னர்க் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது வைகையோடு கலக்கிறது. 1959 ஜனவரி 21-இல், காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் திறக்கப்பட்ட வைகை அணையிலும் 1990 முதல் 6 மெகாவாட் திறனுள்ள சிறு மின்நிலையம் உண்டு.

ஆயிரம் லிட்டர் நீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தால், இழப்புகள் நீங்கலாக, அது தரக்கூடிய ஆற்றல் ஒரு யூனிட். லோயர் கேம்ப்பில் நீர் இறங்கும் உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. மின்கம்பிகள் நாடெங்கும் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டுள்ள இந்நாளில், எந்த விளக்கு எந்த நீரால் எரிகிறது என்று பிரித்துக் கூற இயலாது. ஆயினும் ஒரு யூனிட்டின் பெறுமதி இதுவென்று அறிந்தவன் விளக்கின் கணக்கை அலட்சியமாகப் போடமாட்டான். அக்கணக்கை மனிதன் எவ்வாறு படிப்படியாகக் கற்றான் என்பதே இன்று நான் கூற எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்படி, எத்தனை விளக்கு என்பது. 1882-இல் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் எடிசன் மின்நிலையம் அமைத்தபோது விளக்குகளுக்கென்றே மின்சாரம் விற்கப்பட்டது. விளக்குகளின் எண்ணிக்கையை ஒவ்வொன்றின் வாட் அளவால் பெருக்கினால் மின்பளு கிடைத்துவிடும் எனத் தோன்றலாம்.

ஆனால் எல்லா விளக்குகளும் எல்லா நேரமும் எரிவதில்லை. மாலையில் ஒருங்கே எரிகின்றன, நள்ளிரவில் அணைந்துவிடுகின்றன. அந்தச் சில மணி நேரத்திற்காகவே பெரிய இயந்திரங்களை நிறுவ வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரப் பொறியாளர் ஆர்தர் ரைட், ஒருவர் ஒரே சமயத்தில் மிகுதியாக எடுத்துக்கொண்ட மின்சாரம் எவ்வளவு என்பதைக் காட்டும் கருவியை உருவாக்கினார். எப்போது எரிகிறது என்ற இரண்டாம் வினா இவ்வாறு கணக்கில் ஏறியது. நம் நாட்டிலும் 1932-இல் பைக்காரா நிலையம் தொடங்கியபின், ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் பகலில் மின்சாரத்தை ஏற்றுக்கொண்டன. அதனால் மாலை விளக்குக்காக அமைத்த இயந்திரம் பகலில் வீணே நிற்கவில்லை.

மூன்றாம் வினா, வெப்பம் எங்கே செல்கிறது என்பது. பழைய இழைவிளக்கு உண்ணும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாவதில்லை, எஞ்சியது வெப்பமே. அந்த ஒளியும் சுவரிலும் தரையிலும் பட்டு இறுதியில் வெப்பமாகிறது. குளிர்சாதனம் உள்ள கட்டடத்தில் இவ்வெப்பத்தை வெளியேற்ற மறுபடியும் மின்சாரம் வேண்டும். ஒரே விளக்குக்கு இருமுறை விலை கொடுக்கிறோம்!

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபின் அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடங்கள் இம்மூன்றையும் கணிப்பொறிக்குள் ஏற்றின. 2001-இல் வெளிவந்த எனர்ஜிபிளஸ் என்னும் மென்பொருள் இவ்வகையினது. கட்டடம் எழும்புமுன்பே அதன் ஓராண்டு வாழ்க்கையை, 8,760 மணி நேரத்தையும், அது கணக்கிட்டுக் காட்டும். விளக்குகளின் வாட் எவ்வளவு, ஒவ்வொரு மணியிலும் அவற்றில் எத்தனை பங்கு எரியும், வெப்பத்தில் எவ்வளவு கதிராகவும் எவ்வளவு காற்றோடும் செல்லும் என்று நம்மையே கேட்கும். நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புக் கட்டட விதி, அலுவலகங்களில் ஒரு சதுர மீட்டருக்கு 10.8 வாட் விளக்கு போதுமென்றது. 2017-இல் அது 9.5 ஆகக் குறைந்தது.

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர். பரப்பு 48 சதுர மீட்டர். சோக்குடன் 52 வாட் உண்ணும் ஆறு குழல்விளக்குகள் இருந்தால் மொத்தம் 312 வாட். சதுர மீட்டருக்கு 6.5. ஆறு மணி நேரம் எரிந்தால் 1.87 யூனிட், நம் நீர்க்கணக்கில் ஏறத்தாழ இரண்டாயிரம் லிட்டர். சன்னலோரத்து மூன்று விளக்குகளைப் பகலில் அணைத்தால் அதில் பாதி மிஞ்சும். 20 வாட் எல்.இ.டி. குழல்களை மாட்டினால் ஆறுக்கும் சேர்த்து 120 வாட்டே ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணிப்பொறி நாம் எழுதியதை அப்படியே நம்பும். எல்லா விளக்கும் நாள் முழுதும் எரியும் என்று எழுதினால், தேவைக்கு மேல் பெரிய குளிர்சாதனத்தை வாங்கச் சொல்லும். குறைத்து எழுதினால் அறை புழுங்கும். கட்டடமோ ஐம்பது ஆண்டு நிற்கும். ஒருநாள் எழுதிய தவறான எண்ணை அத்தனை ஆண்டும் சுமக்க நேரும். உண்மையான எண், அங்கே வாழும் மனிதரின் பழக்கத்தை உற்று நோக்கியவனுக்கே கிட்டும்.

ஆகவே மாணவர்களே, நாளை உங்கள் வகுப்பறையின் விளக்குகளை எண்ணுங்கள். எந்த விளக்கு எப்போது எரிகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஆளில்லா அறையில் எத்தனை எரிகின்றன என்பதையும் தனியே எழுதுங்கள். பெரிய மென்பொருளுக்கும் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.