திருநீறும் தோற்சின்னமும்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றை அடுத்து விளங்குவது மாதனூர். அவ்வட்டாரத்தில் பல சமயத்தாரும் ஒருங்கு கூடித் தோற்றொழிலால் வாழ்கின்றனர். அந்நிலத்திலேயே முன்னொரு காலத்தில் தோலாலான சிறு சின்னமொன்று பெருங்கலகத்திற்கு வித்தாயிற்று என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

1805ஆம் ஆண்டு நவம்பரில், கும்பினியாரின் சென்னைப் படைத்தலைவராயிருந்த சர் ஜான் கிரடாக் என்பார், தோற்சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையைச் சிப்பாய்களுக்கு வகுத்தனர். அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் விலக்கப்பட்டன. தாடியும் மழிக்கப்பட வேண்டுமென விதிக்கப்பட்டது. இந்துக்களும் முகம்மதியரும் ஒருங்கே புண்பட்டனர். 1806 மே மாதத்தில் தலைப்பாகையை ஏற்க மறுத்தோர் தண்டிக்கப்பட்டனர். சூலை 10ஆம் நாள் பின்னிரவில் வேலூர்க் கோட்டையில் கலகம் மூண்டது. ஆங்கிலேயர் நூற்றுவருக்கு மேல் மாண்டனர். ஆர்க்காட்டினின்று விரைந்த கில்லஸ்பியின் படையால் சிப்பாய்கள் பன்னூற்றுவர் மடிந்தனர்.

கோட்டையிற் காவலிலிருந்த திப்பு சுல்தானின் மைந்தர் சார்பான எண்ணமும் அக்கலகத்திற்கு ஒரு காரணமாகும். எனினும், சமயவுணர்ச்சியைத் துச்சமாக மதித்தமையே தீயை மூட்டியது. பின்னர் அவ்வாணைகள் நீக்கப்பட்டன. ஆளுநர் பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர். முன்னரே செய்திருப்பின் எத்துணை உயிர்கள் பிழைத்திருக்கும்!

தோல் இழிந்த பொருளோவெனின், அன்று. யானைத்தோல் போர்த்துப் புலித்தோல் உடுத்த பெருமானை வழிபடுவார்க்கு அஃது இழிவாமாறில்லை. ஒருவர் நெற்றிக்குறியை மற்றொருவர் அதிகாரத்தால் அழிக்கப் புகுந்ததே குற்றமாம்.

இதற்கு மறுதலையாயது திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. போரிற் பலகாலும் தோற்ற முத்தநாதன் திருநீற்றுக் கோலம் பூண்டு, சுவடிக் கட்டில் மறைத்த படையால் அவரைக் குத்தினன். வாளோங்கிய தத்தனை நாயனார் தடுத்து, பகைவனை நகர்ப்புறத்தே தீங்கின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணித்தனர். சினந்து சூழ்ந்த மக்களும் மன்னன் ஆணை கேட்டு விலகினர். தத்தன் மீண்டு செய்தி உரைக்குமளவும் நாயனார் உயிர் தாங்கியிருந்தனர் எனச் சேக்கிழார் பெருமான் அருளுவர்.

வஞ்சகன் பூண்ட நீறேயாயினும் அதனை மதித்தமையால், ஒரு கொலை பல கொலைகளாகப் பெருகாது அவ்வளவில் நின்றது. வேலூரிலோ, உண்மையன்போடு தரித்த குறியை மதியாமையால் ஒரே நாளிற் பல நூறு உயிர்கள் அழிந்தன. தன் சமயக்குறியைப் போற்றுவார் பிறர் குறியையும் போற்றுதல் வேண்டும். அஃதுள்ள விடத்தே அமைதி நிலைபெறும்.