வாளியும் மண்ணெண்ணெயும்

எங்க ஊரு மயிலாடும்பாறை. வருசநாட்டு மலைப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது. ஆனா எண்ணெய்க் கறை நல்லாத் தெரியும். தோட்டத்து ஆயில் இன்ஜினைப் பிரிச்சு மாட்டினா கை பூரா கிரீஸ். மண்ணெண்ணெய் ஊத்தித் தேய்ச்சா போயிரும். அதை வாய்க்கால்ல கழுவப் போனா மட்டும் அப்பத்தா கத்தும்: "டேய், வாய்க்கா மீனு பூராம் செத்துரும்டா!"

அப்பத்தாவுக்குத் தெரிஞ்ச இந்த விஷயத்தை இங்கிலாந்து பெரிய விலை கொடுத்துக் கத்துக்கிட்ட கதைதான் இது.

1967 மார்ச் 18. டோரி கேன்யன் என்ற கப்பல் சுமார் 1,19,000 டன் குவைத் கச்சா எண்ணெயோட கார்ன்வால் பக்கம் பாறையில மோதிருச்சு. எண்ணெயைப் போக்க ஏறத்தாழ 10,000 டன் டிடர்ஜென்ட்டை கடல்லயும் கரையிலயும் தெளிச்சாங்க. டிடர்ஜென்ட்னா நம்ம வீட்டுத் துணி சோப்பு இல்லைங்க. சோப்புச் சரக்கோட மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் கலந்தது.

பிளைமவுத் கடல் ஆய்வகத்துக்காரங்க மத்த வேலையைப் போட்டுட்டு கரைக்கு ஓடினாங்க. கரையோர உயிர்களை ஆய்வகத்துல வச்சு சோதிச்சப்ப, தண்ணியில பத்து லட்சத்துல சில பங்கு மருந்து இருந்தாலே பல உயிர்கள் செத்தன. அதுக்குள்ள டன் கணக்குல தெளிச்சாச்சு! ப்ரொடக்‌ஷன்ல ஏத்திட்டு அப்புறமா டெஸ்டிங் பண்ற கதை. நம்ம துறையில இது சகஜம் :-)

பாறையில ஒட்டிக்கிட்டு பாசி மேயற லிம்பெட் என்ற நத்தை கூட்டங்கூட்டமா செத்துச்சு. மேய ஆளில்லாததால பாறையெல்லாம் பச்சைப் பாசி மூடிக்கிச்சு. காட்ரெவி என்ற இடத்துல மட்டும் சீல்கள் இருக்குன்னு மருந்து அடிக்கலை. அந்தக் கரை இரண்டு மூணு வருஷத்துல தேறிச்சு. மருந்து அடிச்ச கரைகளுக்கு 10 முதல் 15 வருஷம் ஆச்சு.

இதுக்கப்புறம்தான் முதல்ல சோதனை, பிறகு தெளிப்புன்னு வழக்கம் வந்துச்சு. கனடா சுற்றுச்சூழல் துறையில மெர்வ் ஃபிங்காஸ் குழு செஞ்ச சோதனை எளிமையானது. ஒரு எஃகுத் தொட்டியில எண்ணெய் தடவி, சில துளி மருந்து விட்டு, கொஞ்ச நேரம் ஊறவச்சு, தண்ணியில அலசி, எவ்வளவு எண்ணெய் போச்சுன்னு எடை போட்டுப் பார்க்கறது. அடுத்தது நச்சு சோதனை: டிரவுட் மீனை 96 மணி நேரம் மருந்துத் தண்ணியில விட்டு, எந்த அளவுல பாதி மீன் சாகுதுன்னு கணக்கெடுக்கறது. இதுல தெரிஞ்ச முக்கியமான சங்கதி: எண்ணெயைத் தண்ணிக்குள்ள நல்லாக் கலக்கிவிடற மருந்து, பாறையைக் கழுவ உதவாது. கழுவற மருந்து எண்ணெயைப் பெயர்த்து மிதக்க விடணும், அப்பத்தான் அள்ளி எடுக்க முடியும்.

சரி, நம்ம எண்ணூர். 2017 ஜனவரி 28-ல காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் கப்பல்கள் மோதி எரிஎண்ணெய் கொட்டுச்சு. வாளியால அள்ளினாங்கன்னு ஊரே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரலை. ஆழமில்லாத கரையோரத்துல சோதிக்காத மருந்தைத் தெளிக்கறதுக்கு வாளி எவ்வளவோ மேல். தப்பு வாளியில இல்லை, வாளியைப் பிடிச்ச கையில உறை இல்லாததுலதான். 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் மழையோட மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தப்பவும் மீனவர்கள் வெறுங்கையால அள்ளினாங்க.

இன்னொண்ணு. டிரவுட் குளிர்நீர் மீன். நம்ம முகத்துவாரத்துல இருக்கறது இறாலும் மடவையும், தண்ணியும் வெதுவெதுப்பு. எண்ணெய் மாறினா, சூடு மாறினா சோதனை முடிவும் மாறும். அதனால நம்ம எண்ணெய், நம்ம தண்ணி, நம்ம இறாலை வச்சு, எண்ணெய் கொட்டறதுக்கு முன்னாடியே சோதிச்சு வச்சிருக்கணும்.

அப்பத்தா கணக்குப்படி, வாய்க்கா மீனைக் கேட்டுட்டுத்தான் கை கழுவணும்.