அணையாத உலை

ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் உலைப் பிரிவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருமுறை சொன்னார்: "உலையைச் சூடேத்தறது பெரிசில்ல ஐயா. அதே சூட்டுல நிறுத்தி வைக்கிறதுதான் பாடு." வானியலாளர்களைப் பல்லாண்டுகள் அலைக்கழித்த ஒரு கேள்வியும் ஏறத்தாழ இதுவே என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன்.

1970 டிசம்பரில் கென்யக் கடற்கரையிலிருந்து ஏவப்பட்ட உகுரு செயற்கைக்கோள் வானத்தை எக்ஸ் கதிர்களில் நோக்கியது. நம் பால்வழியைப் போன்ற விண்மீன் பேரடைகள் நூற்றுக்கணக்கில் கூடிக் கிடக்கும் கொத்துகளில், அவற்றின் இடைவெளி வெற்றிடமல்ல என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதிப்பட்டது. பல கோடி பாகை வெப்பமுள்ள வாயு அங்கே நிறைந்திருந்தது. கொத்திலுள்ள விண்மீன்கள் அனைத்தையும்விட அவ்வாயுவின் நிறை பன்மடங்கு அதிகம்.

ஒளிரும் வாயு வெப்பத்தை இழந்தாக வேண்டும். மையத்திலுள்ள அடர்ந்த வாயு குளிர்ந்து உட்சரியும், ஆண்டுதோறும் பல நூறு சூரியன்களின் நிறையளவுக்கு அது நிகழலாம் என்று 1977இல் கணித்தார்கள். அப்படியானால் அங்கே புதிய விண்மீன்கள் திரளாகப் பிறந்திருக்க வேண்டும். தேடினார்கள், அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. குளிர்ந்த வாயுவே எதிர்பார்த்த அளவில் இல்லை என்பதை 2001இல் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கி காட்டியது. எனில், அடுப்பெரிப்பது யார்?

விடைக்கு வழிகாட்டிய மற்றொரு தொலைநோக்கியின் பெயரில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். 1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து, பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், பயணத்தின்போதே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிந்து முடிந்த விண்மீனின் நிறை ஓர் எல்லையைத் தாண்டினால், அது வெண்குறுமீனாக நிலைகொள்ள இயலாது. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று நாம் சொல்லும் எல்லை அது. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் பேசி அமர்ந்ததும், எடிங்டன் எழுந்து அதை அபத்தமென எள்ளினார். ஒளியும் தப்பாதபடி ஒரு விண்மீன் சுருங்கிப் போவதை இயற்கை அனுமதிக்காது என்பது அவர் துணிபு. சந்திரசேகர் வேறு துறைகளுக்கு நகர்ந்தார். கருந்துளைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்ததும், நோபல் பரிசு கிட்டியதும் 1983இல். 1995இல் மறைந்தார்.

1999 ஜூலை 23 அன்று சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி விண்ணேறியது. பெர்சியஸ் கொத்தின் மையத்தில், ரோசாட் செயற்கைக்கோள் 1993லேயே மங்கலாகக் காட்டியிருந்த இரு குழிவுகளை அது தெளிவாகப் படம்பிடித்தது. அவை ரேடியோ அலை உமிழும் துகள்களால் நிறைந்திருந்தன. எடிங்டன் மறுத்த பொருளின் பேருரு ஒன்று நடுப்பேரடையில் இருக்கிறது. அதை நோக்கி வரும் பொருளில் ஒரு பகுதி உள்ளே விழுவதற்கு முன்பே, ஒளிவேகத்தை ஒட்டிய தாரைகளாகப் பீறிட்டுச் சுற்றுவாயுவை ஒதுக்கித் தள்ளுகிறது. கொதிநீரில்போலக் குமிழிகள் எழுகின்றன. அவற்றைச் சூழ்ந்து பரவும் சிற்றலைகள் ஒலியலைகளே என 2003இல் அறிவித்தார்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் ஒரு கோடி ஆண்டு!

ஒலியலையா, கொந்தளிப்பா, கலப்பா, எது எவ்வளவு சூடேற்றுகிறது என்ற விவாதம் தொடர்கிறது. பொதுச் சித்திரம் தெளிவு. வாயு குளிர்ந்தால் கருந்துளைக்கு இரை கூடும், தாரை வலுக்கும், வாயு சூடேறும், இரை குறையும், தாரை தணியும். என் மாணவர் சொன்ன பாட்டைக் கருந்துளை படுகிறது.

இந்தத் தேடலில் புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கிக்கும் பங்குண்டு. 1970இல் உதகையின் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் சுவரூப்பின் முயற்சியே அதுவும். ஒபியூகஸ் கொத்தின் வாயுவில் 2016இல் சந்திரா கண்ட வளைந்த விளிம்பை, தாரை குடைந்த குழிவு என ஏற்கத் தயங்கினார்கள். அதற்குத் தேவையான ஆற்றல் அத்தனை பெரிது. ஜிஎம்ஆர்டியும் ஆஸ்திரேலியத் தொலைநோக்கி ஒன்றும் தந்த தரவுகள் அக்குழிவு ரேடியோ துகள்களால் நிறைந்திருப்பதை 2020இல் காட்டின. சுவரூப் மறைந்ததும் அந்த ஆண்டில்தான்.

இதையெல்லாம் மாணவரிடம் சொன்னேன். "அங்கயும் ஷிப்ட் உண்டா ஐயா?" என்றார். உண்டு என்றேன், ஒரு ஷிப்ட் முடியக் கோடி ஆண்டுகளும் ஆகலாம்.